தொழிற்கூடத்தில் சமநீதி: சோதனைக் காலத்தில் தலைமையின் கடமை

முன்னுரை

முதுகுன்றம் எனவும் பழமலை எனவும் வழங்கப்பெற்ற விருத்தாசலம் என்றவுடன் பழமலைநாதர் திருக்கோயிலும் மணிமுத்தாறும் நினைவுக்கு வருவதைப் போலவே, பீங்கான் தொழிலும் நினைவுக்கு வரும். அண்டையிலுள்ள நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்காக நிலத்தை அகழ்ந்தபோது கிடைத்த வெண்களிமண் இவ்வூர்த் தொழிலுக்குப் பெருந்துணை ஆயிற்று. பீங்கான் தொழிற்பேட்டையும் பீங்கான் தொழில்நுட்பம் கற்பிக்கும் அரசுப் பயிலகமும் இங்கே அமைந்தன. ஊறுகாய் ஜாடி, தேநீர்க் கோப்பை, பொம்மை, இன்சுலேட்டர், ப்யூஸ் கேரியர் எனப் பல பொருள்கள் இவ்வூர்ச் சூளைகளில் வெந்து வெளியூர் செல்லும் நிலை உருவாயிற்று.

இத்தொழிலால் விளைந்த மற்றொரு மாற்றமும் நம் கருத்துக்குரியது. மட்பாண்டம் வனைதல் ஒரு குலத்தாரின் தொழிலாகவே நெடுங்காலம் இருந்தது. அச்சும் எந்திரமும் கொண்ட பீங்கான் பட்டறையோ பல சாதியாரையும் பல சமயத்தாரையும், ஆடவரையும் பெண்டிரையும் ஒரே கூரையின் கீழ்க் கொண்டுவந்து நிறுத்தியது. ஒரு கூரையின் கீழ் நிற்பதனாலேயே அவர்கள் சமமாகி விட்டனரா? தொழில் நலிந்து, வேலை குறைந்து, கூலி தாழும் காலத்தில் அந்தச் சமத்துவத்தை யார் காப்பது? இவ்விரு வினாக்களுக்கும் வரலாற்றின் துணைகொண்டு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சமத்துவமும் சமநீதியும்

சமத்துவம், சமநீதி என்னும் இரு சொற்களையும் நாம் ஒரே பொருளில் வழங்குகிறோம். எனினும் இரண்டிற்கும் நுண்ணிய வேறுபாடு உண்டு. ஒரு பீங்கான் பட்டறையையே எடுத்துக்கொள்வோம். களிமண், ஃபெல்ட்ஸ்பார், குவார்ட்ஸ் ஆகியவற்றைப் பொடித்துக் கலப்பது ஒரு வேலை. குழம்பாக்கிய மண்ணை அச்சில் வார்ப்பது ஒரு வேலை. காய்ந்த பொருளைத் தேய்த்து ஒழுங்கு செய்வது, மெருகுக் குழம்பில் தோய்ப்பது, சூளையில் அடுக்குவது, சுட்டபின் பிரித்துக் கட்டுவது என மேலும் பல வேலைகள் உள்ளன. இருவருக்கும் ஒரே நாட்கூலி கொடுத்தால் சமத்துவம் காத்ததாகத் தோன்றும். ஆனால் ஒருவர் ஆண்டுக்கணக்கில் குவார்ட்ஸ் தூசியிலேயே நிற்க, மற்றொருவர் ஆண்டுக்கணக்கில் கணக்கு மேசையருகே அமர்ந்திருப்பாராயின், கூலி ஒன்றாயினும் நீதி ஒன்றாகாது. அந்தத் தூசியிலுள்ள சிலிக்கா நுரையீரலில் படிந்து உண்டாக்கும் சிலிகோசிஸ் என்னும் நோயை முற்றிலும் குணப்படுத்தும் மருந்து இல்லை. தூசியில் நிற்பவர் எப்போதும் ஒரே சமூகத்தாராக இருப்பின், அதனைத் தற்செயல் என்று கூறி நாம் தப்பித்துக்கொள்ள இயலாது.

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1958ஆம் ஆண்டில் இயற்றிய 111ஆம் உடன்படிக்கை, வேலையிலும் தொழிலிலும் இனம், நிறம், பால், சமயம், அரசியல் கருத்து, பிறந்த நாடு, சமூகப் பிறப்பு ஆகியவற்றின் பெயரால் வேற்றுமை காட்டலாகாது என்கிறது. இந்தியா 1960இல் அதனை ஏற்றது. உலகின் பிற பகுதிகளில் நிறத்தின் பெயரால் நடந்த கொடுமையே நம் மண்ணில் சாதியின் பெயரால் நடந்தது. ஆகவே நிறவேற்றுமை பற்றிய வரலாறும் சாதி வேற்றுமை பற்றிய வரலாறும் ஒன்றுக்கொன்று பாடமாக அமையத் தக்கன.

கடல் கடந்த தமிழரின் அனுபவம்

நிறவேற்றுமையின் கொடுமையைத் தமிழர் ஏட்டில் மட்டும் படித்தவர் அல்லர். 1860ஆம் ஆண்டு நவம்பரில் சென்னையிலிருந்து சென்ற கப்பல், ஒப்பந்தக் கூலிகளை நேட்டால் நாட்டின் டர்பன் துறைமுகத்தில் இறக்கியது. கரும்புத் தோட்டங்களிலும் பின்னர் நிலக்கரிச் சுரங்கங்களிலும் அம்மக்கள் உழைத்தனர். ஒப்பந்தம் முடிந்தும் அங்கே தங்க விரும்பியவர் மீது ஆண்டுக்கு 3 பவுன் தலைவரி விதிக்கப்பெற்றது. 1913இல் டிரான்ஸ்வாலிலிருந்து புறப்பட்ட பெண்கள், அவருள் பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள், நியூகாசில் சுரங்கத் தொழிலாளரிடம் சென்று அவ்வரியை எதிர்த்து வேலையை நிறுத்துமாறு வேண்டினர். தம்பி நாயுடு போன்றோர் அப்போராட்டத்தை முன்னின்று நடத்தினர். தில்லையாடியை மூதூராகக் கொண்ட இளம்பெண் வள்ளியம்மை சிறையில் நோயுற்று, விடுதலையான சின்னாளில், 1914 பிப்ரவரி 22 அன்று உயிர் நீத்தார். அவ்வாண்டிலேயே 3 பவுன் வரி நீக்கப்பெற்றது.

அப்போராட்டத்தில் வணிகர் ஒருவர் ஆற்றிய பங்கும் இங்கே குறிக்கத்தக்கது. டிரான்ஸ்வால் பிரித்தானிய இந்தியர் சங்கத்தின் தலைவராக விளங்கிய அகமது முகமது கச்சாலியாவிடம் வெள்ளைக்கார வணிகர்கள் தமக்குரிய கடன் முழுவதையும் உடனே தீர்க்குமாறு நெருக்கினர். போராட்டத்தைக் கைவிட்டால் நெருக்கடி நீங்கும் என்பதை அவர் அறிவார். எனினும் அவர் கணக்குப் புத்தகங்களை அவர்கள் முன் வைத்து, தம் வணிகம் முறிவதை ஏற்றாரே அன்றித் தலைமைப் பொறுப்பிலிருந்து விலகினாரல்லர். சோதனைக் காலத்தில் தலைமை என்பது தன் பங்குக்குரிய இழப்பைத் தானே முதலில் ஏற்பது என்பதற்கு இது சிறந்த சான்றாகும்.

கடல் கடந்த நாட்டில் நிறத்தின் பெயரால் தாழ்த்தப்பட்டபோது நாம் நீதி கேட்டோம். உள்நாட்டில் நம் தொழிற்கூடங்களில் நாம் அந்நீதியை வழங்கினோமா என்னும் வினாவுக்குச் சென்னை தரும் விடை கசப்பானது.

1921: சென்னை ஆலையில் பிளந்த ஒற்றுமை

1918ஆம் ஆண்டு ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. செல்வபதி செட்டியாரும் இராமாநுஜுலு நாயுடுவும் தொடக்க முயற்சி மேற்கொள்ள, பி.பி. வாடியா தலைவரானார். திரு.வி. கலியாணசுந்தரனார் சங்கத்தின் பெருந்தூணாக விளங்கினார். இந்தியாவின் முதல் முறைசார்ந்த தொழிற்சங்கங்களுள் ஒன்றாக அது மதிக்கப்பெறுகிறது. பின்னி நிறுவனத்தின் பக்கிங்காம், கர்னாடிக் ஆலைகளில் உழைத்த சாதி இந்துக்களும் இசுலாமியரும் ஆதிதிராவிடரும் அச்சங்கத்தில் ஒருங்கே திரண்டனர்.

1920இன் இறுதியில் ஆலை அடைக்கப்பெற்றது. தொழிலாளர் மாதக்கணக்கில் வருவாயின்றி வாடினர். நிருவாகம் வாடியா முதலியோர் மீது நீதிமன்றத்தில் இழப்பீட்டு வழக்குத் தொடுத்தது. 1921 சனவரியில் ஏற்பட்ட உடன்பாட்டின்படி வாடியா சங்கத்திலிருந்து விலக நேர்ந்தது. அந்தக் காயம் ஆறுமுன்னரே, 1921இன் இடைப்பகுதியில் மீண்டும் வேலைநிறுத்தம் மூண்டது. இம்முறை ஆதிதிராவிடத் தொழிலாளருள் பெரும்பாலோர் அதில் சேரவில்லை.

அதற்குக் காரணங்கள் பல. முந்திய கதவடைப்பின் இழப்பு அவர்களையே மிகுதியாக வருத்தியிருந்தது. நிலமோ வேறு தொழிலோ இல்லாதவர்க்கு ஆலைக் கூலியை இழப்பது பட்டினியை ஏற்பதற்கு நிகராகும். சேரியில் வாழ்ந்தவர் படும் சாதி இழிவு சங்கத்தின் கோரிக்கைப் பட்டியலில் இடம்பெற்ற பொருளன்று. பிளவைப் பயன்படுத்திக்கொள்ள நிருவாகமும் அரசும் ஆயத்தமாக இருந்தன. ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்னும் பழமொழி அங்கே உண்மையாயிற்று.

1921 சூன் திங்களின் இறுதியில் புளியந்தோப்பில் கலவரம் வெடித்தது. குடிசைகள் எரிந்தன, உயிர்கள் மாண்டன. ஒரே ஆலையில் அருகருகே நின்று உழைத்தவர்கள் இரவில் ஒருவரையொருவர் தாக்கினர். ஆதிதிராவிடருக்கு எதிர்ப்பக்கத்தில் சாதி இந்துத் தொழிலாளரோடு இசுலாமியத் தொழிலாளரும் நின்றனர் என்பதை மறைத்தல் முறையன்று. இசுலாமியர் நிருவகிக்கும் கல்லூரியின் மலரில் எழுதும் நாம் இவ்வுண்மையை முதலில் நமக்கே சொல்லிக்கொள்ளக் கடமைப்பட்டுள்ளோம். ஆதிதிராவிடர் தலைவர் எம்.சி. இராசா தம் மக்கள் பட்ட துன்பத்தை எடுத்துரைத்து வாதாடினார். சில திங்களில் வேலைநிறுத்தம் தோல்வியில் முடிந்தது.

"முதலில் ஒற்றுமை, பின்னர் சமநீதி" என்னும் வரிசைமுறை எங்கே கொண்டு சேர்க்கும் என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது. திரு.வி.க. போன்ற தலைவர்களின் நேர்மையில் ஐயமில்லை. ஆயினும் நல்ல காலத்தில் தீர்க்கப்பெறாத வேற்றுமை கெட்ட காலத்தில் பிளவாக வெளிப்படும். பீங்கான் தொழில் அறிந்தோர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. மண்ணும் அதன் மேலிட்ட மெருகும் ஒத்த அளவில் சுருங்குவனவாக இல்லையெனில், சூளையின் வெப்பத்தில் குறை தெரியாது. பொருள் ஆறும்போது, சில வேளை பல நாள் கழித்தும், மயிரிழைபோல் வெடிப்பு ஓடும். குறை ஆறும்போது தோன்றியதன்று. மண்ணைச் சேர்க்கும்போதே அதில் இருந்தது.

1928: பம்பாயில் எழுந்த வினா

ஏழாண்டுகள் கழித்துப் பம்பாய்ப் பஞ்சாலைகளில் மாபெரும் வேலைநிறுத்தம் நிகழ்ந்தது. அங்கே தாழ்த்தப்பட்ட தொழிலாளர் நூற்பிரிவில் மட்டுமே வேலை பெற்றனர். கூலி மிகுந்த நெசவுப் பிரிவில் அவர்களுக்கு இடமில்லை. நாடாவில் புதிய நூல்கண்டு இடும்போது நூல் நுனியை வாயால் உறிஞ்சி இழுக்கும் வழக்கம் இருந்தது. தாழ்த்தப்பட்டோர் வாய் பட்ட நாடாவைத் தொடச் சாதி இந்து நெசவாளர் மறுத்ததே அதற்குக் காரணம். ஒரு கருவியின் அமைப்பும் ஒரு சாதி நம்பிக்கையும் சேர்ந்து பல்லாயிரவரின் கூலியை முடிவு செய்தன.

டாக்டர் அம்பேத்கர் இக்குறையை வெளிப்படையாக எடுத்துவைத்தார். தொழிலாளர் கோரிக்கைகளுள் இத்தடையை நீக்குவதும் ஒன்றாக இருத்தல் வேண்டும் என்பது அவர் நிலை. பொதுப் போராட்டத்தின் நடுவே இவ்வினாவை எழுப்புவது ஒற்றுமையைக் குலைக்கும் என்று கருதியவரும் உண்டு. எனினும் அம்பேத்கர் தொழிலாளர் ஒற்றுமைக்குப் பகைவர் அல்லர். 1936இல் சுதந்திரத் தொழிலாளர் கட்சியை நிறுவிய அவர், 1938 நவம்பரில் தொழில் தகராறு மசோதாவை எதிர்த்துப் பொதுவுடைமையாளரோடு இணைந்து ஒருநாள் வேலைநிறுத்தம் நடத்தினார். 1942 முதல் 1946 வரை வைசிராய் நிருவாகக் குழுவில் தொழிலாளர் துறைப் பொறுப்பை வகித்தார். சமநீதி பேசுவோர் ஒற்றுமையைக் கெடுப்பவர் என்னும் வாதத்துக்கு அவர் வாழ்வே மறுப்பாகும்.

1941: அமெரிக்காவில் ஒரு தலைவர்

இதே வினாவை அமெரிக்காவில் எதிர்கொண்டவர் ஏ. பிலிப் ராண்டால்ஃப். புல்மன் நிறுவனத்தின் தூங்கும் வசதி இரயில் பெட்டிகளில் பணியாற்றிய கறுப்பினத்தவருக்காக 1925இல் சங்கம் அமைத்தார். 1929இல் தொடங்கிய பொருளாதாரப் பெருமந்தத்தில் சங்கம் உறுப்பினரை இழந்து தேய்ந்தது. எனினும் அவர் தளரவில்லை. 12 ஆண்டுகள் கழித்து, 1937இல், நிறுவனம் சங்கத்தோடு ஒப்பந்தம் செய்தது.

இரண்டாம் உலகப் போரின்போது படைக்கலத் தொழிற்சாலைகள் பெருகின. ஆனால் கறுப்பினத்தவருக்குப் பல ஆலைகள் கதவடைத்தன. போர்க்காலத்தில் இத்தகைய கோரிக்கை எழுப்பலாமா என்று பலர் தயங்கினர். ராண்டால்ஃப் தலைநகர் வாஷிங்டனை நோக்கிப் பேரணி செல்வதாக அறிவித்தார். பேரணிக்குச் சில நாள் முன்னதாக, 1941 சூன் 25 அன்று, குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் பாதுகாப்புத் தொழில்களில் இனவேற்றுமை காட்டுவதைத் தடைசெய்து ஆணை பிறப்பித்தார். அதனைக் கண்காணிக்க ஒரு குழுவும் அமைந்தது. நெருக்கடிக் காலம் நீதியைத் தள்ளிவைக்கும் காலமன்று. நீதி கேட்கத் தகுந்த காலமே என்பது இதனால் பெறப்படும்.

சட்டம் செய்ததும் செய்யாததும்

நம் மாநிலத்திலும் சட்டம் பெரும்பணி ஆற்றியுள்ளது. நீதிக்கட்சி ஆட்சியில் 1921இல் வகுப்புவாரி ஆணை பிறந்தது. பின்னர் அமைச்சர் எஸ். முத்தையா முதலியார் காலத்தில் அது முறையாக நடைமுறைக்கு வந்தது. அதன்படி 12 அரசுப் பணியிடங்களில் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணருக்கு 2, இசுலாமியருக்கு 2, கிறித்தவருக்கும் ஆங்கிலோ இந்தியருக்குமாக 2, தாழ்த்தப்பட்டோருக்கு 1 என வகுக்கப்பெற்றன. உச்ச நீதிமன்றம் 1951இல் கல்லூரிச் சேர்க்கையில் இம்முறை செல்லாது எனத் தீர்ப்பளித்தபோது தமிழகத்தில் கிளர்ச்சி எழுந்தது. அவ்வாண்டே அரசியலமைப்பு முதன்முறையாகத் திருத்தப்பெற்றது. 2007இல் இசுலாமியருக்கு 3.5 விழுக்காடும், 2009இல் அருந்ததியருக்கு 3 விழுக்காடும் உள்ஒதுக்கீடாக வழங்கப்பெற்றன.

இவ்வொதுக்கீட்டால் பயன்பெற்ற சமுதாயத்தாராகிய நாம் ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். இவ்வொதுக்கீடு அரசுப் பணிக்கும் கல்விக்கும் உரியது. பத்துப் பேர் உழைக்கும் பீங்கான் பட்டறைக்கோ, இருபது பேர் உழைக்கும் தோல் கிடங்குக்கோ, ஐவர் நிற்கும் துணிக்கடைக்கோ அது எட்டாது. அங்கே யாரைச் சேர்ப்பது, யாருக்கு எவ்வேலை, யாரை நிறுத்துவது என்பனவற்றை முடிவு செய்பவர் உரிமையாளரும் மேற்பார்வையாளருமே. அரசிடம் நாம் கேட்டுப் பெற்ற நீதியை நம் கல்லாப்பெட்டிக்கு அருகே நாம் வழங்குகிறோமா? சமுதாயப் பெரியோர் தம் நெஞ்சைத் தொட்டு விடை காணவேண்டிய வினா இது.

நம் பட்டறைகளில் செய்யத்தக்கன

பிளாஸ்டிக், எவர்சில்வர் பொருள்களின் போட்டி, குர்ஜா, மோர்பி போன்ற வடநாட்டுப் பீங்கான் மையங்களின் வளர்ச்சி, எரிபொருள் விலை, 2020ஆம் ஆண்டுப் பெருந்தொற்று முடக்கம் எனச் சிறு பீங்கான் தொழில் பல சோதனைகளைக் கண்டது. இத்தகைய காலத்தில் தலைமை ஏற்போர் செய்யத்தக்கன சிலவற்றை இங்கே தொகுத்துக் கூறுகிறோம்.

முதலாவது, எழுதிப் பார்த்தல். பட்டறையில் உள்ள ஒவ்வொரு வேலையையும், அதனைச் செய்பவர் பெயரையும், கூலியையும், சேர்ந்த ஆண்டையும் ஒரே தாளில் எழுதிப் பார்த்தால் போதும். தூசியில் நிற்பவர் யார், சூளையில் அடுக்குபவர் யார், மேற்பார்வை செய்பவர் யார் என்பது கண்முன் தெரியும். "நம்மிடம் வேற்றுமை இல்லை" என்னும் நம்பிக்கையைத் தாள் சோதித்துக் காட்டும்.

இரண்டாவது, வேலையை முறைவைத்து மாற்றுதல். கேடு பயக்கும் வேலை ஒருவர் தலையெழுத்தாக இருத்தல் கூடாது. தூசி எழாதவாறு ஈரமாக்கிப் பெருக்குதல், முகக்கவசம் அளித்தல் ஆகியவற்றோடு, மெருகிடுதல், சூளை ஏற்றுதல் போன்ற நுட்ப வேலைகளை அனைவருக்கும் கற்பித்தலும் வேண்டும். தொழில் கற்றவருக்கே கூலி உயரும். கற்பிக்க மறுப்பதே மறைமுகமான வேற்றுமை.

மூன்றாவது, ஆட்குறைப்பில் கவனம். கடைசியில் சேர்ந்தவர் முதலில் விலக்கப்படுதல் என்பது 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டம் வகுத்த நெறி. 2020ஆம் ஆண்டின் தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டத்திலும் அது தொடர்கிறது. முதலாளியின் விருப்பு வெறுப்புக்குத் தடையிடும் நல்ல நெறியே அது. எனினும் ஒரு சமூகத்தாரை நெடுங்காலம் சேர்க்காதிருந்து அண்மையில்தான் சேர்த்திருப்போமானால், இந்நெறி அவர்களை மட்டுமே வெளியேற்றிவிடும். ஆதலின் ஆளைக் குறைப்பதற்கு முன் வேலை நாள்களை அனைவரும் பகிர்ந்துகொள்ள வழியுண்டா என்று தொழிலாளரோடு கலந்து பேசுதல் நன்று. நான்கு பேர் ஆறு நாள் உழைப்பதற்கு மாறாக ஆறு பேர் நான்கு நாள் உழைத்தால் அடுப்பு ஆறும் எரியும்.

நான்காவது, குடிநீரும் உணவும். தண்ணீர்க் குடம் ஒன்றா, குவளை ஒன்றா, உண்ணும் இடம் ஒன்றா என்பது சிறு செய்தியன்று. அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்து ஆண்டுகள் பலவாயின. பட்டறை உரிமையாளர் ஒருவர் தம் தொழிலாளரோடு ஒரே பந்தியில் அமர்ந்து உண்பாராயின், அதுவே நூறு சொற்பொழிவுக்கு நிகராகும்.

ஐந்தாவது, புதியவரைக் காத்தல். இன்று பீகார், ஒடிசா, மேற்கு வங்காளம் முதலிய மாநிலத்தவர் தமிழகமெங்கும் உழைக்கின்றனர். 2023 மார்ச்சுத் தொடக்கத்தில், தமிழகத்தில் பீகார் தொழிலாளர் தாக்கப்படுவதாகப் பொய்க் காட்சிகள் பரவின. அச்சத்தால் பலர் ஊர் திரும்பினர். தமிழக அரசு அச்செய்தி பொய்யென விளக்கியது. பீகார் அரசு அனுப்பிய குழுவும் இங்கே வந்து நேரில் கண்டது. அந்த நாள்களில், தொழிலாளியின் அருகே அமர்ந்து, அவர் குடும்பத்தாரோடு தொலைபேசியில் பேசி அச்சம் போக்குவதே ஒரு மேற்பார்வையாளர் செய்யத்தக்க முதற்பணியாக இருந்தது. நேட்டாலில் நம்மவர் அந்நியராக நின்றதை நினைவிற்கொள்வோர்க்கு இக்கடமை எளிதில் விளங்கும்.

மாணவர்க்கு ஒரு சொல்

இம்மலரைப் படிக்கும் மாணவருட் சிலர் நாளை மேற்பார்வையாளர் ஆவர்; சிலர் தந்தையின் கடையையோ பட்டறையையோ ஏற்று நடத்துவர்; சிலர் தொழிற்சங்கத்தில் பணியாற்றுவர். அவ்விடங்களில், "இப்போது காலம் சரியில்லை, இதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்னும் சொல்லை அவர்கள் கட்டாயம் கேட்பர். 1921இல் சென்னையில் ஒத்திவைத்ததன் விலையை ஏழைகளே கொடுத்தனர் என்பதை அப்போது அவர்கள் நினைவுகூர்தல் வேண்டும்.

முடிவுரை

தொழில் செழிக்கும் காலத்தில் நீதி செய்வது அரிதன்று. வேலை குறைந்து, கடன் பெருகி, ஒவ்வொருவரும் தத்தம் உறவினரையே காக்க எண்ணும் காலத்தில் நீதி செய்வதே தலைமை. கச்சாலியா தம் வணிகத்தை இழந்தார். ராண்டால்ஃப் 12 ஆண்டுகள் காத்திருந்தார். அம்பேத்கர் பழிச்சொல்லை ஏற்றார். புளியந்தோப்போ, அத்தகைய முன்னெச்சரிக்கை தவறிய இடத்தில் என்ன நேரும் என்பதற்குச் சாட்சியாக நிற்கிறது.

விருத்தாசலத்துச் சூளைகளில் அடுக்குவோர் ஓர் உண்மையை அறிவர். சூளையில் ஒரு பக்கம் மட்டும் வெப்பம் மிகுந்தால் அந்தப் பக்கத்துப் பொருள் கோணும். மறுபக்கத்துப் பொருள் வேகாது. இரண்டும் விற்பனைக்கு உதவா. வெப்பத்தைச் சமமாகப் பரப்புவதே சூளை பார்ப்பவரின் திறமை. துன்ப காலத்தின் வெப்பத்தை யார் மீதும் ஒருசார்பாக விழவிடாமல் பகிர்ந்தளிப்பதும் அத்தகைய திறமையே. அதனைப் பெரியோர் நடந்து காட்டவும், ஆசிரியர் கற்பிக்கவும், மாணவர் கற்றுத் தம் தொழிற்கூடங்களுக்குக் கொண்டு செல்லவும் வேண்டும் என்பதே நம் விழைவு.